மரம் நனைந்த நாள்

“வலப்பக்கம் திரும்புங்க” என்றேன். பதினொரு பெண்களும் ஒரே கதவு திறப்பதைப் போலத் திரும்பினார்கள்.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைமடுவம் அது. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கூடம். பின்னேரம் நாலு மணிக்குள் குழந்தைகள் எல்லாம் வீட்டுக்குப் போய்விடும். பால்மா வாடையும் ஈரத்துணி வாடையும் மட்டும் தங்கியிருக்கும். அந்தச் சிமெந்துத் தரையில் ஆளுக்கொரு உரச்சாக்கை விரித்து, காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு முழங்காலை மடித்து, ஒரு கையைப் பின்னால் ஊன்றி, இடுப்பைத் திருகிப் பின்பக்கம் பார்க்க வேண்டும். முதுகெலும்புக்கான ஆசனம். என் கையில் அச்சடித்த படம் இருந்தது.

அவர்கள் திரும்பிய அழகைப் பார்த்து எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. கொழும்பில் சனி ஞாயிறுகளில் என்னோடு பயின்றவர்களில் பாதிப்பேருக்கு அந்தத் திருப்பம் வர ஒரு மாதம் பிடித்தது. எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கு முதல் நாளே வந்துவிட்டதே!

“நல்லது. இப்ப இடப்பக்கம்.”

கதவு துருப்பிடித்து நின்றுவிட்டது. முகம் திரும்பியது. கழுத்து திரும்பியது. இடுப்பு மாட்டேன் என்றது. பதினொரு பேருக்கும் அப்படித்தான்.

“டீச்சரம்மா, இந்தப் பக்கம் மரம் இல்லையே. என்னத்தப் பாத்துத் திரும்புறது?” என்றார் பஞ்சவர்ணம் அத்தை.

கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தகத்தில் இல்லாத இடுப்பு

திங்கட்கிழமை காலை ஆறரை பஸ்ஸில் புளத்கொகுபிட்டிக்கு வேலைக்குப் போகும்போதுதான் விளங்கியது. ஜன்னலுக்கு வெளியே றப்பர் மலை. மரத்துக்கு மரம் போய்ப் பால் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள். அத்தனை பேரும் வலப்பக்கம் திருகி நின்றார்கள்.

றப்பர் மரத்தில் பட்டையை வெட்டும் கத்தி இடப்பக்க மேட்டில் தொடங்கி வலப்பக்கச் சரிவில் முடியும். கத்தி போகிற போக்குக்குக் கால்கள் பின்வாங்கி மரத்தைச் சுற்றும். இடுப்பு கூடவே திருகும். ஒரு காலையில் முந்நூறு மரம் என்றால் முந்நூறு திருகல். அதுவும் இருபது, முப்பது வருடமாக. பிறகு எப்படி இடப்பக்கம் திரும்பும்?

இரண்டு பக்கமும் சமமாகச் செய்ய வேண்டும் என்று என் புத்தகத்தில் போட்டிருந்தது. அதை எழுதியவர் ஒரு நாளும் பால் வெட்டியிருக்க மாட்டார்.

நான் பால் வெட்டுகிறவளின் மகள். எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். அந்த வெட்கத்தில் அடுத்த வெள்ளிக்கிழமை இடப்பக்கத்திலிருந்தே தொடங்கினேன். அங்குலம் அங்குலமாக. பஞ்சவர்ணம் அத்தை மட்டும் விடவில்லை.

“இப்ப எதுக்கு இந்தப் பக்கமும் திரும்பணும்? தோட்டத்துத் தொர இந்தப் பக்கமும் மரம் நடப் போறாராக்கும்?”

இது யாருக்கு?

பல்கலைக்கழகத்தில் நான் தங்கிய கெம்பஸ் விடுதியைப் பற்றி இந்தத் தொடரில் முன்பு எழுதிய பகுதியைப் படித்துவிட்டு, “யோகா எல்லாம் குந்தியிருந்து வேலை செய்கிறவர்களுக்குத்தானே, குனிந்து நிமிர்ந்து உழைக்கிறவர்களுக்கு எதற்கு?” என்று மாவனல்லையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பஞ்சவர்ணம் அத்தையின் கேள்வியும் அதுதான்.

என் குடும்பத்தில் ஏ.எல். என்னும் உயர்தரப் பரீட்சை எழுதியவள் நான்தான் முதல். பட்டம் பெற்றவளும் அரசாங்க அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவளும் நான்தான் முதல். இதைச் சொல்லும்போது நான் கூச்சப்படுவதில்லை. அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அவருக்கு முந்திய யாரும் பள்ளிக்கூடத்து வாசலைக்கூடத் தாண்டியதில்லை.

ஆனால், அந்தப் பெருமையோடு கெம்பஸுக்குப் போனவளுக்கு அங்கே தூக்கம் வரவில்லை. நெஞ்சு படபடக்கும். பாடம் நடக்கும்போது மூச்சு பாதியில் நிற்கும். கூடப் படித்த ஒரு பிள்ளை, காலையில் விளையாட்டு மண்டபத்தில் யோகா சொல்லித்தருகிறார்கள், வா என்று இழுத்துக்கொண்டு போனாள். குனிந்தேன், வளைந்தேன், ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. கடைசியில் மல்லாந்து படுத்து உடம்பை ஒவ்வோர் உறுப்பாகத் தளரவிடச் சொன்னார்கள். கால் விரல் தளர்ந்தது. முழங்கால் தளர்ந்தது. வயிறு தளரும்போது அழுகை வந்தது. அடக்க முடியவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அதனால்தான் பிறகு முறையாகப் பயின்றேன். அதனால்தான் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகளை வெளிக்கள நாளாகக் கேட்டு வாங்கி, மாதர் சங்கத்தின் பெயரில் பிள்ளைமடுவத்தில் இதைத் தொடங்கினேன். உழைக்கிற உடம்புக்கு இன்னும் உடற்பயிற்சி தருவதற்கு அல்ல. உழைக்கிற உடம்பு பகலில் பத்து நிமிடம் சும்மா கிடக்கட்டும் என்பதற்காக.

அதுதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், பகலில் படுப்பவர்கள் இரண்டே பேர். காய்ச்சல்காரர், பிள்ளை பெற்றவள். சவாசனம் என்று நான் சொன்னதும் பஞ்சவர்ணம் அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஏன் புள்ள, உசுரோட இருக்கயிலேயே பொணம் மாதிரிக் கெடக்கணுமா? அதுக்கு நாளு வரும். அப்ப நீ சொல்லாமலே கெடப்பேன்.”

அதற்கு மேல் நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. “மரம் நனைஞ்ச நாள் மாதிரிப் படுங்க” என்றேன். எல்லோரும் படுத்துவிட்டார்கள்.

மழைக்குக் கும்பிட்டவள்

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

விடியற்காலையில் மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்ட முடியாது. வெட்டினால் பால் மரத்தில் கட்டிய சிரட்டைக்குள் இறங்காமல் ஈரத்தோடு பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். ஆகவே றப்பர் தோட்டத்தில் கண் விழிக்கிற பெண் முதலில் கேட்பது மணியை அல்ல. “மரம் நனைஞ்சிருக்கா?” என்றுதான் கேட்பாள். நனைந்திருக்கிறது என்றால் வெட்டு இல்லை. சம்பளமும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் படுக்கலாம்.

மழை வந்தால் பெரியவர்கள் முகம் சுருங்கும். நான் மட்டும் படுக்கைக்குள் கைகூப்பிக் கும்பிடுவேன், இன்னும் பெய்யட்டும் என்று.

மற்ற நாட்களில் நான் எழும்பும்போது அம்மா போயிருப்பார். பாய் குளிர்ந்திருக்கும். மழை நாளில் மட்டும் அம்மா பக்கத்தில் இருப்பார். தகரத்தில் மழை அடிக்கும் சத்தத்துக்கு நான் கண்ணைத் திறந்தால், அம்மா தன் உள்ளங்கையை என் கண்கள் மேல் வைத்து மூடுவார்.

“இன்னும் விடியல பாப்பா. படு.”

விடிந்திருக்கும். கூரை ஓட்டைவழி வெளிச்சம்கூட வந்திருக்கும். ஆனாலும் அந்தக் கைக்குக் கீழே விடியாது. அந்தக் கையில் றப்பர் பாலின் புளித்த வாடை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. விரல் இடுக்கில் காய்ந்த பால் இன்னொரு தோல் போல உரியும். நான் தூங்குவதுபோல் நடித்தபடி அதை மெல்ல உரிப்பேன்.

நான் நாலாம் வகுப்பில் இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பாயில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்தக் கை எனக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது.

ஏ.எல். சோதனை முடிந்து முடிவு வந்த பிறகு, நான் கெம்பஸுக்கும் அம்மா குவைத்துக்கும் போனோம். ஒரு வீட்டில் வேலை. போகும் நாளன்று பஸ் ஏறும் முன் அம்மா சொன்னது, “நீ படிக்கிற எடத்துல மழ பேஞ்சா சொல்லு. அங்க மழயே கெடயாதாம்.” இடையில் ஒரு தடவை வந்து ஒன்றரை மாதம் இருந்துவிட்டுப் போனார். அந்த ஒன்றரை மாதமும் வறட்சி.

நெற்றியும் மின்விசிறியும்

அம்மாவோடு ஃபோனில் பேசும்போது நான் பார்ப்பது அம்மாவின் நெற்றியை, ஒரு கண்ணை, மேலே சுற்றும் மின்விசிறியை. அவர் ஃபோனை முகத்தோடு ஒட்டிப் பிடிப்பார். “கொஞ்சம் தள்ளிப் பிடிங்கம்மா” என்றால் மின்விசிறி மட்டும் தெரியும்.

இப்படியே வருடங்கள் போயின. நான் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அம்மாவின் ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. இனி அவர் அங்கே இருக்கத் தேவையில்லை. “இந்தத் தடவை வந்துருங்க” என்று ஒவ்வொரு வெள்ளியும் சொன்னேன். “பாப்போம், பாப்போம்” என்பார். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அம்மா வர வேண்டும். லயத்தில் எங்கள் அறையில், மழை நாளில், நான் விழிக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த வயதில் இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

இதற்கிடையில் அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. கேட்டால், “கண்ண மூடுனா மணி அடிக்கிற மாதிரியே இருக்கு” என்றார். அந்த வீட்டில் அவரைக் கூப்பிட ஒரு மணி உண்டு. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். நாலு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். அம்மா நெற்றியைக் காட்டியபடி மூச்சு விட்டார்.

“வந்துச்சாம்மா தூக்கம்?”

“வந்துச்சு, வந்துச்சு.”

வரவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கும் விடுதியில் தூக்கம் வராதபோது அதே குரலில்தான் பொய் சொன்னேன்.

நாலாவது இடம்

பிள்ளைமடுவத்தில் யார் எங்கே உட்காருவது என்று நான் சொல்லவே இல்லை. அவர்களே வரிசையாக உட்கார்ந்தார்கள். சில வாரங்கள் கழித்துத்தான் கவனித்தேன். பகலில் பால் ஸ்டோரில் வாளியோடு நிறுவைக்கு நிற்கும் அதே வரிசை. முதலில் பஞ்சவர்ணம் அத்தை, பிறகு மற்ற இருவர், அதன் பிறகு ஒரு சாக்கு விரிக்கும் அளவு வெற்றிடம். அதற்கு அப்பால் குசுமா நெந்தா.

நெந்தா என்றால் சிங்களத்தில் அத்தை. பக்கத்து நாட்டுப்புறத்துக் கிராமத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்குப் பால் வெட்ட வருகிறவர். அம்மா போன பிறகு அம்மாவின் மரங்களை அவருக்குத்தான் கொடுத்தார்கள். அம்மாவின் முந்நூறு மரத்தையும் இப்போது அவர்தான் சுற்றுகிறார்.

“நெந்தா, கொஞ்சம் தள்ளிப் படுங்களேன். எடம் இருக்கே” என்றேன் ஒரு நாள்.

குசுமா நெந்தா அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். “ஏக ராஜி அக்காகே தென, துவ” என்றார். துவ என்றால் மகள். பிறகு எனக்கு விளங்காமல் போய்விடுமோ என்று தமிழிலும் சொன்னார். “அது ராஜி அக்கா எடம். மரம் நான் எடுத்தது. எடம் எடுக்கல்ல.”

ராஜி என்பது ராஜேஸ்வரி. என் அம்மா.

போன வெள்ளிக்கிழமை பஞ்சவர்ணம் அத்தை சாக்கை விரித்துக்கொண்டே கேட்டார்.

“ஏன் டீச்சரம்மா, ஒங்கம்மாவுக்குத் தூக்கமே இல்லங்கிறியே. எங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுக்குற. அவளயும் இதுல சேத்துக்கிட்டா என்ன?”

“அம்மா குவைத்துல இருக்காங்க அத்த.”

“எனக்குத் தெரியாதா அவ எங்க இருக்கான்னு? ஃபோன எடு.”

எனக்குத் தயக்கம். வகுப்பில் ஃபோன் கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தான். ஆனால் நேரம் சரியாக இருந்தது. இங்கே நாலரை என்றால் அங்கே இரண்டு. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அந்த வீட்டுக்காரர்கள் அவர்களின் தாய்வீட்டுக்குப் போய்விடுவார்கள். அம்மாவுக்கு வாரத்தில் கிடைக்கும் இரண்டு மணித்தியாலம் அது.

அழைத்தேன். நெற்றி வந்தது. பஞ்சவர்ணம் அத்தை ஃபோனை என் கையிலிருந்து பிடுங்கினார்.

“அடியே ராஜி, ஒன் நெத்திய யாரு கேட்டா? ஃபோன எதுலயாச்சும் சாத்தி வச்சிட்டுத் தள்ளி உக்காரு. ஒன்ன முழுசாப் பாக்கணும் நாங்க.”

“எதுக்குடி? நான் என்ன கல்யாணப் பொண்ணா?”

“ஒன் மக எங்கள சாக்குல உருட்டி எடுக்குறா. நீ மட்டும் தப்பிச்சிக்கிட்டு அங்க உக்காந்திருக்க. வா, வந்து ஒன் எடத்துல உக்காரு.”

அத்தை ஒரு பால்மா டின்னைக் கொண்டுவந்து நாலாவது இடத்தில் வைத்து, ஃபோனை அதில் சாய்த்தார். திரை ஆடியது. மின்விசிறி, அலுமாரி, வெள்ளைச் சுவர். பிறகு அம்மா ஒரு சமையலறைத் தரையில், மடித்த போர்வையின் மேல் உட்கார்ந்திருந்தார். தலை முதல் கால் வரை.

நான் அவரை முழுதாகப் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. சிறுத்திருந்தார். வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் சாக்கோடு சாக்காக நகர்ந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். குசுமா நெந்தா, “ராஜி அக்கே, கெட்டு வெலா” என்று வாய்க்குள் சொல்லி, மெலிந்துவிட்டாள் என்று கன்னத்தைக் கிள்ளிக் காட்டினார்.

“ஒங்க மரம் எல்லாம் நல்லம் அக்கே” என்றும் சொன்னார். அம்மா சிரித்தார்.

திரும்பாத பக்கம்

வகுப்பைத் தொடங்கினேன். இடப்பக்கம் முதலில் என்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

“இடது கையப் பின்னால ஊன்றி, மெதுவா.”

பதினொரு பேரும் முனகிக்கொண்டு திரும்பினார்கள். கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது. திரையைப் பார்த்தேன். அம்மா சுலபமாகத் திரும்பியிருந்தார்.

“பாத்தீங்களா” என்றார் பஞ்சவர்ணம் அத்தை. “மரத்த விட்டுப் போனவளுக்கு ரெண்டு பக்கமும் வருது.”

“சரி, இப்ப வலப்பக்கம்.”

கதவு திறந்தது. எல்லோரும் சிரமமில்லாமல் திரும்பி, திரும்பிய முகத்தோடு சிரித்துக்கொண்டார்கள். இது அவர்களின் பக்கம். அம்மாவின் பக்கமும்தான்.

அம்மா திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது.

“அம்மா, வலது கையப் பின்னால வைங்க.”

“வச்சுத்தான் இருக்கேன்.”

“வைக்கல. எனக்குத் தெரியுது.”

அம்மா கையைப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தார். பாதி வழியில் முகம் மாறியது. மறுபடியும் மடிக்கு வந்துவிட்டது.

முந்நூறு மரத்தை அந்தக் கையால் வெட்டியவர் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

“என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல பாப்பா. திரைச்சீல கழட்ட ஏறுனேன். கால் தவறிருச்சு. அது ஆச்சு, நோன்புக்கு முந்தி.”

நோன்பு முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. அத்தனை மாதமும் நான் அந்த நெற்றியைப் பார்த்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

“இனி ஒண்ணும் வேணாம். ஒப்பந்தம் முடிஞ்சதும் வந்துருங்க. அடுத்த மாசமே.”

அம்மா போர்வையின் ஓரத்தை நீவினார்.

“போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டேன் பாப்பா. இன்னும் ரெண்டு வருசம்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ படிச்ச பேச்செல்லாம் பேசுவ. எனக்குப் பதில் வராது.”

“எதுக்கும்மா? நான்தான் வேலைக்குப் போறேனே.”

“ஒனக்குன்னு ஒரு வீடு வேணும். ஒன்ன லயத்துலருந்து கட்டிக்குடுக்க மாட்டேன்.”

“நான் கேட்டேனா?”

“நீ கேக்கல. நான் கேட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. பிறகு அது எங்கே போனது என்று தெரியவில்லை. நான் முதல் ஆளாக வந்தேன் என்று பெருமைப்பட்டதைப் போல, அவரும் ஒரு பெருமையை வைத்துக்கொண்டு அந்தச் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் இருப்பது யாரிடமிருந்து வந்தது என்று இத்தனை நாள் நான் யோசித்ததே இல்லை.

பதினொரு பேருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது மறந்துவிட்டது. படம் கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

பஞ்சவர்ணம் அத்தை சாக்கில் மல்லாந்து படுத்தார். கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

“டீச்சரம்மா, பாடத்த முடி. பாதியில விட்டா ராஜிக்கும் தூக்கம் வராது, எங்களுக்கும் வராது.”

ஒவ்வொருவராகப் படுத்தார்கள்.

இன்றைக்கு வெட்டு இல்லை

“அம்மா, நீங்களும் படுங்க. வலது தோளுக்குக் கீழ போர்வைய மடிச்சு வைங்க. ஃபோன தலைக்குப் பக்கத்துல கொண்டாங்க, என் சத்தம் கேக்கட்டும்.”

அம்மா படுத்தார். நான் நாலாவது இடத்தில், ஃபோனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“கால் விரலத் தளர விடுங்க. குதிக்காலத் தரைக்குக் குடுங்க. முழங்காலத் தளர விடுங்க.”

முழங்காலை இரண்டு தடவை சொல்லிவிட்டேன். யாரும் கண் திறந்து பார்க்கவில்லை. அவர்கள் எனக்குச் செய்த மரியாதை அது. இடுப்புக்கு வந்தபோது வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் சப்ரகமுவக்காரர், பின்னேர மழை எங்களுக்குப் புதிதில்லை. முதலில் பத்துத் துளி, எண்ணக்கூடியதாக. பிறகு பிள்ளைமடுவத்தின் தகரம் முழுவதும் அடித்துப் பெய்யத் தொடங்கியது.

தளர்வுப் பயிற்சிக்குச் சத்தம் ஆகாது, அமைதி வேண்டும் என்றுதான் எனக்குக் கற்பித்திருந்தார்கள். அம்மாவுக்கு இரைச்சல் கேட்கக்கூடாதே என்று ஃபோனின் ஒலியை நிறுத்தக் கையை நீட்டினேன்.

பக்கத்துச் சாக்கிலிருந்து குசுமா நெந்தா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ஓஃப் கரண்ட எப்பா, துவ.”

நிறுத்தாதே என்கிறார். கண் மூடியே இருந்தது. பிடியை விடவில்லை.

கையை எடுத்துக்கொண்டேன். அதற்குமேல் பேசவும் இல்லை. வயிறு, நெஞ்சு, தொண்டை என்று நான் சொல்ல வேண்டிய பாக்கியை எல்லாம் மழை சொல்லிக்கொண்டிருந்தது. ஈர மண் வாடை கதவுவழி வந்தது. கூடவே பால் ஸ்டோர்ப் பக்கமிருந்து அந்தப் புளித்த வாடையும்.

திரையில் அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்கியது. நான் எண்ணவில்லை. நாலு, ஆறு என்றெல்லாம் இல்லாமல் அது தன் பாட்டுக்குப் போனது. வாய் லேசாகத் திறந்தது. புருவத்துக்கு நடுவில் நான் வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய கோடு மெல்ல அழிந்தது.

அம்மா தூங்கிவிட்டார்.

பெண்கள் எழுந்தார்கள். அவர்களை நான் அப்படிப் பார்த்ததில்லை. வாளி வைத்தால் லயம் அதிரும்படி வைப்பவர்கள், சாக்கைச் சத்தம் வராமல் ஒவ்வொரு மூலையாகத் தூக்கிச் சுருட்டினார்கள். பஞ்சவர்ணம் அத்தை வாசலில் நின்று திரையைப் பார்த்தார். ஏதோ கேலி சொல்ல வாயைத் திறந்தார். சொல்லாமல் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் இறங்கினார். கடைசியாகக் குசுமா நெந்தா போனார்.

கூடத்தில் நானும் ஃபோனும் மட்டும். இரண்டு வருடம் என்ற சொல் அங்கேதான் இருந்தது, போய்விடவில்லை. ஆனால் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் இருந்தேன், தகரத்தில் மழை.

மழை இன்னும் வலுத்த ஒரு நேரத்தில் அம்மா இடப்பக்கம் ஒருக்களித்தார். உதடு அசைந்தது. கண் திறக்கவில்லை.

“பாப்பா… மரம் நனைஞ்சிருச்சா?”

அது தூக்கத்திலிருந்து வந்த குரல். குவைத்துக்கு முந்திய குரல்.

“நனைஞ்சிருச்சும்மா” என்றேன். “நல்லா நனைஞ்சிருச்சு. இன்னைக்கி வெட்டு இல்ல. படுங்க.”

“ம்.”

அவருடைய வலது கை தரையில் மெல்ல ஊர்ந்து வந்தது. யாரையோ தேடுவதைப் போல வந்து, ஃபோனைத் தொட்டு, அதன் மேல் கவிழ்ந்தது. திரை இருண்டது. மழைக்கு ஊடாக அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

நான் நாலாவது இடத்தில் சாக்கில்லாமல் படுத்துக் கண்களை மூடிக்கொண்டேன்.